விட்ஸ் பின் சில்லு பெயாரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா? மலைப்பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

தலவாக்கலை_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். என் கார் 2007 டொயோட்டா விட்ஸ், ஆயிரம் சீசீ, ஓட்டோ கியர், பின்னால் டிரம் பிரேக். கொஞ்ச நாளாகப் பின்பக்கம் இருந்து ஒரு உறுமல் வருகிறது. நாற்பதைத் தாண்டினால் ஆரம்பம், வேகம் கூடக் கூட அதுவும் கூடும், ராத்திரியில் தூரத்து பாக்டரியில் ரோலர் ஓடுவது கேட்குமே, அதே மாதிரி விடாமல் ஒரே சீராக. இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போட்டுப் பார்த்தேன், இஞ்சின் சத்தம் இறங்கியது, இது இறங்கவில்லை. ஹட்டன் ரோட்டில் வலது வளைவுகளில் கூடுகிறது, இடது வளைவில் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. 

ஒரு கராஜில் காட்டினேன். இரண்டு பக்கமும் பெயாரிங், இரண்டு ஷொக், பிரேக் ஷூ என்று ஒரு பெரிய கணக்குச் சொன்னார்கள். அவ்வளவு இப்போது முடியாது. என்னிடம் சொக்கட் செட், ஜக், சுத்தியல் எல்லாம் இருக்கிறது, ஒயில் மாற்றுவது, முன் பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் நானே செய்கிறவன்தான். இதையும் வீட்டில் செய்ய முடியுமா? வீடு லயத்துக்கு மேலே, வாசல் கொஞ்சம் சரிவு.

பதுளை_பாஸ்

தம்பி, முதலில் நோயைச் சரியாகப் பிடிப்போம். வலது வளைவில் வண்டியின் பாரம் இடது பக்கம் சாயும், அப்போது சத்தம் கூடினால் இடது பக்கத்துப் பெயாரிங் மேல் சந்தேகம். அது முக்கால்வாசி சரியாக இருக்கும், முழுதாக நம்பக் கூடாது. டயர் படிபடியாகத் தேய்ந்திருந்தாலும் இதே உறுமல் வரும். அதனால் பின் டயர் இரண்டையும் முன்னுக்கும் முன் டயரைப் பின்னுக்கும் மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கள், சத்தம் முன்னால் வந்தால் டயர்தான் குற்றவாளி, இருந்த இடத்திலேயே இருந்தால் பெயாரிங்.

அப்புறம் பின் சில்லைத் தூக்கி வைத்து, ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லை மெதுவாகச் சுற்றுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்குத் தெரியும். விட்ஸ் முன் சில்லில் ஓடுகிற வண்டி என்பதால் பின் சில்லு தடையில்லாமல் சுற்றும், நல்ல பக்கத்தையும் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். பிறகு சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள், அதோடு மலையில் இறங்க வேண்டாம். சத்தம் மட்டும் இருந்து ஆட்டம் இல்லை என்றால் சாமான் வாங்கும் வரை மெதுவாகக் கிட்டத்தில் ஓடலாம்.

சூடு பார்க்கிற முறையும் ஒன்று உண்டு, ஆனால் நம் பக்கத்து ஆட்கள் அதைத் தப்பான நேரத்தில் பார்க்கிறார்கள். றம்பொடை இறக்கம் இறங்கி வந்து ஹப்பை, அதாவது சில்லு பூட்டுகிற நடுப்பகுதியை, தொட்டால் நான்கும் சுடத்தான் செய்யும், அது பிரேக் சூடு. ஏற்றம் ஏறி மேலே வந்து, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, கையைக் கிட்டக் கொண்டுபோய் இடமும் வலமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கேதான் கோளாறு.

இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்பது தேவையில்லை. பிரேக் ஷூ சோடியாக மாற்ற வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் அதிகம் பிடித்தால் வண்டி இழுக்கும். பெயாரிங்குக்கு அந்தக் கதை இல்லை. போனதை மாற்றுங்கள், மற்றது நன்றாகச் சுற்றினால் விட்டுவிடுங்கள்.

கம்பளை_சில்வர்

பெயாரிங்குக்கு கிரீஸ் அடித்தால் சத்தம் போய்விடும் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். தம்பி அதை முதலில் பார்க்கலாமே, செலவு இல்லை.

பதுளை_பாஸ்

பழைய டேப்பர் ரோலர் போட்ட வண்டிகளுக்கு அது சரி. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு கூம்புப் பெயாரிங், கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் நிரப்பி, நட்டை இறுக்கித் தளர்த்தி மறுபடி மெல்ல இறுக்கி, கொட்டர் பின் என்கிற பூட்டு ஊசி போட்டுப் பூட்டுவோம். விட்ஸில் வருவது மூடிய ஹப். பெயாரிங், சீல், ஹப் தட்டு எல்லாம் ஒரே துண்டு. அதைத் திறக்க வழி கிடையாது, உள்ளே கிரீஸ் போகவும் வழி கிடையாது. அதோடு சத்தம் வருகிறது என்றால் குண்டு ஓடுகிற பாதை ஏற்கெனவே உரிந்துவிட்டது, உரிந்த இரும்பை கிரீஸ் வளர்க்காது.

இந்த மூடிய ஹப்பினால்தான் வீட்டில் செய்யக்கூடிய வேலையாகவும் இருக்கிறது. அழுத்தி ஏற்றுகிற பிரஸ் இயந்திரம் தேவையில்லை. பின்னால் நான்கு போல்ட், அவ்வளவுதான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது.

நானுஓயா_ரைடர்

நான் என் கொரோலா 121க்கு வீட்டில் மாற்றியவன், விட்ஸும் கிட்டத்தட்ட அதே அமைப்பு. எழுதுகிறேன், பாஸ் அண்ணே தவறு இருந்தால் திருத்தட்டும்.

சில்லைக் கழற்ற 21 சொக்கட். வீல் நட் எல்லாவற்றையும் தூக்குவதற்கு முன்பே தளர்த்திவிட வேண்டும். சில்லை எடுத்ததும் டிரம். ஹேன்ட் பிரேக்கை விட்டால்தான் டிரம் வரும். பல வருடம் கழற்றாத டிரம் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், அதற்காக டொயோட்டாக்காரன் டிரம்மின் முகத்தில் இரண்டு மரை ஓட்டை வைத்திருக்கிறான், எட்டு மில்லி போல்ட் இரண்டை அதில் போட்டு இரண்டு பக்கமும் மாறி மாறிக் கால் சுற்று இறுக்கினால் டிரம் தானாக முன்னுக்குத் தள்ளி வரும். ஒன்றை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் கோணலாகிச் சிக்கிக்கொள்ளும். டிரம்மின் உள் விளிம்பில் தேய்ந்து ஒரு வரம்பு உண்டாகி ஷூ மாட்டிக்கொண்டால், பின் தட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்து ஸ்க்ரூ டிரைவரால் அட்ஜஸ்டர் பல்லைச் சுற்றி ஷூவை உள்ளே வாங்க வேண்டும்.

உள்ளே இருக்கிற கறுப்புத் தூசியைத் தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கும், நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்துத் துணியை ஒரு பையில் கட்டிப் போடுங்கள்.

பிறகு பின் தட்டுக்குப் பின்னால் இருந்து நான்கு போல்ட், 14 சொக்கட், நீட்டுக் கம்பி கொஞ்சம் தேவைப்படும். முதல் நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடித்து ஊற விட்டால் காலையில் சொன்ன பேச்சு கேட்கும். இங்கே ஒரு முக்கியமான விசயம்: அந்த நான்கு போல்ட்தான் ஹப்பையும் பிடித்திருக்கிறது, பிரேக் பின் தட்டையும் பிடித்திருக்கிறது. நான்கையும் உருவி ஹப்பை எடுத்தால் ஷூவோடு சேர்த்துத் தட்டு முழுவதும் பிரேக் பைப்பில் தொங்கும். இரும்புப் பைப் மடிந்தால் வேலை இரண்டு மடங்கு. ஹப் வந்தவுடன் ஒரு போல்ட்டைத் தட்டு வழியாகத் திரும்பப் போட்டு நிறுத்தி வையுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) இருந்தால் ஹப்பின் முதுகில் ஒரு சின்ன வயர் கனெக்டர் இருக்கும். அதை முதலிலேயே கழற்றிச் சேறு போகத் துடைத்துப் பக்கத்தில் கட்டி வைக்க வேண்டும். புது ஹப் வாங்கும்போது ஏபிஎஸ் உள்ளதா இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டும் வேறு வேறு.

பதுளை_பாஸ்

ரைடர் தம்பி சொன்னதில் மாற்ற ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்த பெரிய விசயத்தை இன்னும் யாரும் தொடவில்லை. கேள்வியின் கடைசி வரியை மறுபடி வாசியுங்கள்: வாசல் கொஞ்சம் சரிவு.

முன் சில்லில் வேலை செய்யும்போது ஹேன்ட் பிரேக் பின் சில்லு இரண்டையும் பிடித்து நிற்கும், நாம் நிம்மதியாக இருப்போம். பின் சில்லு வேலையில் ஹேன்ட் பிரேக்கை நாமே விடுகிறோம். டிரம்மைக் கழற்றிய பிறகு அது இருந்தும் பயனில்லை. அந்த நேரம் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது முன் சில்லு இரண்டும், கியர் பெட்டிக்குள் இருக்கிற ஒரு சின்னக் கொக்கியும்தான். மட்டமான தரையில் அது போதும். நம் பக்கத்துச் சரிவில், மழை பெய்த மண்ணில், ஜக்கில் ஒரு மூலை தூக்கி நிற்கிற காரில், போல்ட்டை உடைக்க நாம் கம்பியைப் போட்டு உலுக்கும்போது அது போதவே போதாது. ஜக் நேராக நிற்கிற சாமான், வண்டி இரண்டு அங்குலம் நகர்ந்தால் ஜக் சாயும், ஜக் சாய்ந்தால் டிரம் இல்லாத ஹப் தரையில் விழும், அந்த நேரம் கை எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

ஆகவே தம்பி, வாசலில் வேண்டாம். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் சிமெந்துத் தரை இருக்கும், ஞாயிற்றுக்கிழமை நிறுவை இல்லை, கேட்டால் விடுவார்கள். கோயில் முன்றல், பள்ளிக்கூட மைதானத்து ஓரம், எதுவானாலும் மட்டமாக இருக்க வேண்டும். முன் சில்லு இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை, மொத்தம் நான்கு. உருண்டைக் கல் வேண்டாம், அது சில்லோடு சேர்ந்து உருளும். சதுரமாக அறுத்த மரக்கட்டை நல்லது. கியர் பார்க்கில். இவ்வளவும் செய்து, ஹேன்ட் பிரேக்கை விட்டு, தூக்குவதற்கு முன்னால் ஒரு ஆளை விட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் தூக்காதீர்கள்.

ஜக்கில் தூக்கி, வண்டியைத் தாங்கி நிற்கிற ஸ்டான்டில் இறக்கி, பிறகுதான் வேலை. ஸ்டான்ட் இல்லையென்றால் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். கழற்றிய சில்லைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், எது தவறினாலும் வண்டி அதன் மேல் உட்காரும். மண் தரையானால் ஜக்குக்கும் ஸ்டான்டுக்கும் அடியில் தடித்த பலகை. மே மாதத்தில் இருந்து தலவாக்கலைப் பக்கம் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மஸ்கெலியா_வேன்

அண்ணே என்னிடம் டொல்பின் வேன். எனக்கும் பின்னால் இதே மாதிரி சத்தம். இதே முறைதானா?

பதுளை_பாஸ்

இல்லை, இல்லவே இல்லை. நல்ல வேளை கேட்டீர்கள். டொல்பின், டவுன்ஏஸ், எவ்ரி எல்லாம் பின் சில்லில் ஓடுகிற வண்டி, உள்ளே முழு எக்ஸல். அதில் ஒரு பின் சில்லைத் தூக்கினால் கியரில் போட்டிருப்பதால் ஒரு பலனும் கிடையாது. டிஃபரன்ஷியல் இருக்கிறதே, தரையில் இருக்கிற சில்லு உருண்டால் தூக்கிய சில்லு எதிர்ப்பக்கம் சுற்றி இடம் கொடுத்துவிடும். ஹேன்ட் பிரேக்கையும் விட்டால் வண்டியைப் பிடிக்க கட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. சரிவில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

வேலையும் வேறு. பெயாரிங் எக்ஸல் தண்டின் மேல் அழுத்தி, அதற்குப் பின்னால் ஒரு வளையத்தையும் அழுத்திப் பூட்டியிருக்கும். தண்டை உருவி எடுக்கலாம், பெயாரிங்கை மாற்றப் பிரஸ் வேண்டும். தண்டை உருவினால் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய சீல் கசிந்தால் டிஃபரன்ஷியல் ஒயில் பிரேக் ஷூவில் இறங்கும். ஆட்களை ஏற்றி மலை இறங்குகிற வேனில் ஒயில் குடித்த ஷூ என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

பண்டாரவளை_டீச்சர்

என்னுடையது இந்திய அல்டோ, 2011. தினமும் அப்புத்தளைப் பக்கம் பாடசாலைக்கு ஓடுகிறேன். என் தம்பிக்குக் கை வேலை தெரியும். அல்டோவுக்கும் நான்கு போல்ட் ஹப்தானா? இன்னொன்று, சத்தத்தோடு எவ்வளவு நாள் ஓடலாம் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

நானுஓயா_ரைடர்

டீச்சர், அல்டோவில் பெயாரிங் டிரம்முக்குள்ளேயே அழுத்தி வைத்திருக்கும். நடுவில் ஒரு தூசி மூடி, அதைத் தட்டி எடுத்தால் பெரிய நட். நட்டின் விளிம்பை உள்பக்கம் தட்டிப் பூட்டியிருப்பார்கள், இல்லை என்றால் கொட்டர் பின் இருக்கும். பூட்டை நிமிர்த்திவிட்டு, சில்லு தரையில் இருக்கும்போதே அந்த நட்டைத் தளர்த்த வேண்டும், அது சாதாரண இறுக்கம் கிடையாது, நீளமான கம்பி வேண்டும். பிறகு தூக்கி டிரம்மை உருவினால் பெயாரிங்கும் அதோடு வந்துவிடும்.

உங்கள் தம்பி அதுவரை செய்யட்டும். டிரம்மை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு லேத் கடைக்குப் போங்கள், பிரஸ்ஸில் வைத்துப் பழையதை எடுத்துப் புதியதை ஏற்றிக் கொடுப்பார்கள். முழு வண்டியையும் கராஜில் விடுவதை விட மிகக் குறைந்த கூலி. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். புதுப் பெயாரிங்கை டிரம்முக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்தப் பாரம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும், குண்டு ஓடுகிற பாதையில் சின்னச் சின்னக் குழி விழும், புதுப் பெயாரிங் வீட்டுக்கு வருமுன்னே உறும ஆரம்பிக்கும். பழைய பெயாரிங்கின் வெளி வளையத்தை மேலே வைத்து அழுத்தினால் பிசகாது. தட்டிப் பூட்டுகிற நட் என்றால் புதிது வாங்குங்கள்.

பதுளை_பாஸ்

டீச்சர், நாளைக் கணக்காக யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். நான் பார்ப்பது ஆட்டத்தைத்தான். ஒவ்வொரு ஞாயிறும் சில்லைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், உணருகிற அளவுக்கு ஆட்டம் வந்தால் அன்றோடு பஸ். ஆட்டம் வந்த ஹப்பில் டிரம் நேராகச் சுற்றாது, ஷூவில் உரசும், ஏபிஎஸ் உள்ள வண்டியில் மஞ்சள் விளக்கும் எரியும், அப்படியே விட்டால் சில்லே தனியாகப் போகும். அப்புத்தளைப் பாதையில் ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தள்ளிப் போடாதீர்கள் டீச்சர்.

கம்பளை_சில்வர்

சாமான் எங்கே வாங்குவது நல்லது? கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் பாவித்த ரீகண்டிஷன் ஹப் கிடைக்கும், புதுச் சீன சாமானை விட அது நீண்ட நாள் ஓடும் என்பது என் அனுபவம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள். அந்த இடைவெளி முழுவதும் நாங்கள் பழைய வண்டியைப் பழைய சாமானால்தான் ஓட்டினோம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தொட்டபோது புதுச் சாமான் விலையைக் கேட்கவே பயம். ரீகண்டிஷன் இல்லை என்றால் மலையில் பாதி வண்டி அன்றே நின்றிருக்கும்.

பதுளை_பாஸ்

கதவு, லைட், கியர் பெட்டி என்றால் ரீகண்டிஷனுக்கு நானும் கை தூக்குவேன். பெயாரிங்குக்கு மட்டும் மனம் வரவில்லை. அது தேய்ந்து முடிகிற சாமான், எவ்வளவு ஓடியது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கழற்றிப் பூட்டுகிற கஷ்டம் ஒன்றுதான், அந்தக் கஷ்டத்தைப் பழையதுக்காக ஏன் படுவது? கோயோ, என்எஸ்கே, என்டிஎன் மூன்றும் ஜப்பான் கம்பனி, எது கிடைத்தாலும் வாங்குங்கள்.

ஆனால் போலிப் பெட்டியும் சந்தையில் உண்டு. அச்சு மங்கலாக இருக்கிறதா, பெட்டியில் இருக்கிற இலக்கமும் பெயாரிங்கில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பெரிய பெயாரிங் கம்பனிகள் சேர்ந்த உலகச் சங்கம் ஒன்று டபிள்யூபிஏ பெயாரிங் ஆதென்டிகேட்டர் என்று போனுக்கு ஒரு ஆப் விட்டிருக்கிறது, பெட்டியில் இருக்கிற சதுரக் குறியை அதில் காட்டினால் அசலா என்று சொல்லும். எல்லாப் பெட்டியிலும் அந்தக் குறி இருக்காது, இருந்தால் பார்த்துவிடுங்கள்.

கம்பளை_சில்வர்

சரி அண்ணே, ஆனால் கையில் காசு இல்லாதவனுக்கு அந்த ஆலோசனை உதவாது. ரீகண்டிஷன் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கடையிலேயே ஹப்பை நிமிர்த்திப் பிடித்து மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும். மெதுவாகச் சுற்றும்போது விரலில் ஒரு தட்டல் கூட வரக் கூடாது. சீல் ஓரத்தில் துரு நிறத்தில் கிரீஸ் கசிந்திருந்தால் வாங்க வேண்டாம். மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள்.

தலவாக்கலை_தம்பி

எல்லோருக்கும் நன்றி. டயரை மாற்றிப் போட்டேன், சத்தம் அசையவில்லை. ஸ்பிரிங்கில் கை வைத்ததும் தெளிவாகத் தெரிந்தது, வலது பக்கம் அமைதி, இடது பக்கம் கரகரவென்று. ஆட்டம் இல்லை. என்டிஎன் புது ஹப் சொல்லி வைத்திருக்கிறேன். மடுவத்துத் தரைக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

ஒரு சந்தேகம். என்னிடம் டோர்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ரென்ச்) இல்லை. வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது?

நானுஓயா_ரைடர்

டொயோட்டா சின்னக் கார்களுக்கு வீல் நட் 103 நியூட்டன் மீற்றர். ரென்ச் இல்லாமலும் அளக்கலாம், அதுவும் மடுவத்திலேயே இருக்கிற சாமானால். நட்டின் நடுவில் இருந்து சரியாக அரை மீற்றர் தள்ளிக் கம்பியில் ஒரு கோடு போடுங்கள். 103ஐ அரையால் வகுத்தால் 206 நியூட்டன், அது ஏறக்குறைய 21 கிலோ. கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசின் கொக்கியை அந்தக் கோட்டில் மாட்டி, கம்பிக்குச் செங்குத்தாக இழுங்கள், 21 காட்டும்போது நிறுத்துங்கள். கம்பி படுக்கையாக இருக்கும்போது மேல் நோக்கி இழுத்தால் கம்பியின் சொந்தப் பாரம் கொஞ்சம் குறுக்கிடும், அது பெரிய வித்தியாசம் இல்லை. கோணலாக இழுத்தால்தான் கணக்குப் பிழைக்கும்.

ஹப் போல்ட் நான்குக்கும் வேறு அளவு, அது மொடலுக்கு மொடல் மாறும், உங்கள் வண்டியின் வேர்க்‌ஷொப் மானுவலில் பார்த்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள். காலால் மிதித்து இறுக்குகிற பழக்கம் மட்டும் வேண்டாம், ஸ்டட் இழுபட்டுப் போகும்.

மஸ்கெலியா_வேன்

தராசு யோசனை அருமை. எங்கள் டிவிசனில் எல்லா வேன்காரருக்கும் காட்டப் போகிறேன்.

தலவாக்கலை_தம்பி

வேலையைத் தொடங்கினேன், நடுவில் நிற்கிறேன், மடுவத்தில் இருந்தே எழுதுகிறேன். டிரம் அந்த இரண்டு போல்ட்டுக்கு அழகாக வந்துவிட்டது. நான்கு போல்ட்டும் கழன்றுவிட்டது. ஹப் மட்டும் வரவே இல்லை, எக்ஸல் துளைக்குள் ஒட்டிப் பிடித்திருக்கிறது. முன்னால் இருந்து தட்டினேன், ஒரு அசைவும் இல்லை. சுத்தியலைப் பெரிதாக்கவா?

பதுளை_பாஸ்

பெரிதாக்காதீர்கள். முன்னால் இருந்து அடித்தால் உள்ளேதான் போகும். நான்கு போல்ட்டையும் திரும்பப் போடுங்கள், முழுதாக ஏற்றாமல் நாலைந்து மரை மட்டும் பிடிக்கும்படி. இப்போது ஒவ்வொன்றின் தலையும் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். தலை மேல் பழைய 14 சொக்கட்டும் ஒரு நீட்டுக் கம்பியும் வைத்து, பின்னால் இருந்து முன்னோக்கித் தட்டுங்கள். குறுக்காக மாறி மாறி, மேல் இடது, கீழ் வலது, அப்படி. ஒட்டிய விளிம்பைச் சுற்றி டபிள்யூடி-40 இன்னொரு முறை அடித்துக் கொஞ்ச நேரம் பொறுங்கள். நாலைந்து மரைக்குக் குறைவாகப் பிடித்திருந்தால் மரை உரியும், அதைக் கவனியுங்கள். ஸ்டான்டையும் கட்டைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு அடியுங்கள், அடிக்கிற அதிர்வில் எதுவும் நகர்ந்திருக்கக் கூடாது.

தலவாக்கலை_தம்பி

வந்துவிட்டது அண்ணே. மூன்றாவது போல்ட்டைத் தட்டும்போது டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் கையாலேயே உருவினேன். உடனே தட்டைப் பிடிக்க ஒரு போல்ட் போட்டுவிட்டேன்.

பழைய ஹப்பைக் கையில் வைத்து மெதுவாகச் சுற்றினால் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் மணல் நெரிபடுகிற மாதிரித் தட்டுகிறது. பின்பக்கத்து சீல் ஓரம் முழுவதும் செங்கல் நிறத்தில் கசிவு, விரலால் தொட்டால் கிரீஸில் துருப் பொடி ஒட்டி வருகிறது. புதியதைச் சுற்றினால் சத்தமே இல்லை, கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. அந்த இறுக்கம் சரிதானா?

பதுளை_பாஸ்

சரிதான், புதுச் சீலும் புதுக் கிரீஸும் அப்படித்தான் இருக்கும். செங்கல் நிறம் என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டினீர்களோ, சேர்விஸில் அழுத்தத் தண்ணீரை ஹப்புக்கு நேராக அடித்தார்களோ தெரியாது. இனி சேர்விஸ் போடும்போது சில்லின் நடுவுக்கு நேராகக் கிட்டப் பிடித்து அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புதியதைப் பூட்டுமுன் எக்ஸல் துளையையும் அது உட்காருகிற முகத்தையும் வயர் பிரஷ் போட்டுத் துருவெல்லாம் எடுங்கள். ஒரு சின்னத் துருச் சிதறல் நடுவில் மாட்டினாலும் ஹப் கோணலாக உட்காரும். துளை ஓரத்தில் மெல்லிசாகக் கிரீஸ் பூசினால் அடுத்த முறை கழற்றுகிறவன் உங்களை வாழ்த்துவான். ஷூவிலோ டிரம்மின் உள்முகத்திலோ கிரீஸ் விரல் படக் கூடாது. போல்ட் நான்கையும் கையால் ஏற்றி, குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பண்டாரவளை_டீச்சர்

தம்பி, முடிந்ததும் எழுதுங்கள். நாங்களும் அடுத்த வாரம் டிரம்மைக் கழற்றப் போகிறோம்.

தலவாக்கலை_தம்பி

முடிந்தது டீச்சர். ஹட்டன் வரை போய் வந்தேன், வலது வளைவு எல்லாவற்றிலும் காதைத் தீட்டிக்கொண்டு. உறுமல் இல்லை. இப்போதுதான் ஜன்னல் ரப்பரில் இருந்து ஒரு கீச்சுச் சத்தம் வருவது கேட்கிறது, இவ்வளவு நாள் அது மறைந்து இருந்திருக்கிறது. ஏபிஎஸ் விளக்கும் எரியவில்லை. கராஜில் சொன்ன ஷொக்கையும் பார்த்தேன், ஒயில் கசிவு இல்லை, இப்போதைக்கு அதைத் தொடவில்லை. ஷூவில் கனம் இன்னும் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஹேன்ட் பிரேக் முன்னை விட மேலே வருகிறது.

நானுஓயா_ரைடர்

டிரம்மை எடுக்க அட்ஜஸ்டரை உள்ளே வாங்கினீர்களா? அப்படியானால் அதுதான் காரணம். ரப்பர் மூடியைத் திறந்து, டிரம் கையால் சுற்றும்போது மிக லேசாக உரசுகிற வரை அட்ஜஸ்டரை வெளியே விட்டு, பிறகு உரசல் நிற்கிற அளவுக்கு ஓரிரு பல் பின்வாங்குங்கள். மூடியைத் திரும்பப் போட மறக்க வேண்டாம், அது வழியாகத்தான் சேறு உள்ளே போகும். அப்புறம் பிரேக் பெடலைச் சில முறை நன்றாக மிதித்து, வண்டியை ஒரு ஏற்றத்தில் நிறுத்தி ஹேன்ட் பிரேக்கை மட்டும் போட்டு, கால் பிரேக் மேல் தயாராக வைத்துக்கொண்டு மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டியின் முகம் மேலே பார்த்தும் ஒரு முறை, கீழே பார்த்தும் ஒரு முறை.

பதுளை_பாஸ்

அட்ஜஸ்டரை விடும் போதும் ஹேன்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்க வேண்டும், வண்டி மறுபடி மட்டத் தரையில், நான்கு கட்டையும் மறுபடி. சின்ன வேலை என்று வாசலில் தூக்கிவிடாதீர்கள் தம்பி. அப்புறம் ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடியதும் வீல் நட்டை அதே தராசு வைத்து ஒரு முறை பாருங்கள்.

டீச்சர், உங்கள் தம்பி டிரம்மைக் கழற்றுகிற இடத்தைப் படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள். பெயாரிங் எது வாங்கினீர்கள் என்பதை விட அதைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும்.